அடுத்த வாரமும் வருவீங்களா?

சனிக்கிழமை சாயங்காலம், ஆம்பூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம். ஷூ கம்பெனி வேன்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போகிற நேரம். அப்படி ஒரு வேனில் இருந்து இறங்கி நடந்த என் சின்னம்மாவை இரண்டு பெண்களும் ஒரு பையனும் நிறுத்தியிருக்கிறார்கள். கையில் நோட்டீஸ். "அக்கா, உடம்புக்கு ஏதாச்சும் கஷ்டம் இருக்குதா? ஒரு நிமிஷம் உங்களுக்காக ஜெபம் பண்ணட்டுமா?"

சின்னம்மா கிறிஸ்தவர் இல்லை. வருஷா வருஷம் வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போகிறவர். ஆனாலும் நின்றார். 15 வருஷமா வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுவதைச் சொன்னார். அவர்கள் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். முடிந்ததும் அந்தப் பையன் சொன்னான்: "கர்த்தர் உங்களத் தொட்டுட்டார்க்கா. சுகமாயிட்டீங்க. விசுவாசிங்க."

சின்னம்மா விசுவாசித்தார். அன்னைக்கு ராத்திரியே மாத்திரையை நிறுத்திவிட்டார். 11ஆம் நாள் கம்பெனியில் தையல் மெஷினுக்கு முன்னால் வலிப்பு வந்து விழுந்தார். கை ஊசியில் மாட்டாமல் தப்பியது பெரிய விஷயம். நெற்றியில் 4 தையல்.

இந்தக் குறிப்பை அந்தக் கோபத்தில்தான் ஆரம்பித்தேன். 'மூடநம்பிக்கை' என்று ஒரு பத்தி எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. காரணம், சின்னம்மாவிடம் "ஏன் சின்னம்மா நின்ன?" என்று கேட்டபோது அவர் சொன்ன பதில்.

"அந்தப் பொண்ணு மொதல்ல என் பேரக் கேட்டுச்சு கண்ணு. நான் கம்பெனில இருந்து அப்டியே வரேன். வேர்வ, சொல்யூஷன் வாட, எல்லாம் மேல இருக்குது. அது மூஞ்ச சுளிக்கல. தலமேல கைய வச்சுச்சு. மாத்தர வாங்குற எடத்துல 15 வருசமா 'அடுத்தது'ன்னுதான் கூப்புடுறாங்க."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் இந்தத் தெரு ஜெபத்தைப் பற்றி எழுதும்போது, அது என்ன கொடுக்கிறது என்பதில் இருந்து ஆரம்பிப்பதுதான் நியாயம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் இந்தத் தோல் பட்டையில், தொடுதல் என்பது சாதாரண விஷயம் கிடையாது. தோலைத் தொடுகிறவர் தீட்டு என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த சமூகம் நம்முடையது. டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்பவர்களில் தலித் மக்கள் ஏராளம், ஷூ தைக்கும் இடங்களில் பெண்கள் ஏராளம். டேனரி வாடை குளித்தாலும் போகாது என்பார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்காருவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, முன்பின் தெரியாத ஒருவர் தலையில் கை வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாது.

இதே வேலூரில் இது ஒருமுறை மருத்துவமாகவே நடந்திருக்கிறது. 1946இல் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை மூலம் மறுபடி இயங்கவைத்தவர். ஒரு நோயாளியிடம் சிகிச்சையை விளக்கும்போது தோளில் கை போட்டதையும், அந்த மனிதர் அழ ஆரம்பித்ததையும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பல வருஷமாக யாரும் தன்னைத் தொட்டதில்லை என்பதுதான் அந்த அழுகைக்குக் காரணம். பிராண்ட் தோளைத் தொட்டார்; பிறகு கையையும் சரிசெய்தார். தெருவில் நின்ற அந்தப் பெண் தொட்டாள், போய்விட்டாள். என் விமர்சனம் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

நம்ம ஊரில் உடம்பு சரியில்லாமல் போனால் சாமியிடம் போவது புதுசு இல்லை. மக்ரிப் தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசல் வெளியே பாருங்கள். கைக்குழந்தையோடும் தண்ணீர் பாட்டிலோடும் பெண்கள் நிற்பார்கள். பாதிப் பேர் நெற்றியில் குங்குமம் இருக்கும். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். மாரியம்மன் கோயிலில் வேப்பிலை அடித்து மந்திரிப்பார்கள். சர்ச்சில் எண்ணெய் பூசி ஜெபிப்பார்கள். சின்னம்மா இந்த மூன்று வாசலுக்கும் போனவர்தான். எங்கும் மாத்திரையை நிறுத்தியதில்லை.

அப்படியானால் தெருவில் மட்டும் ஏன் நிறுத்தினார்? இதை நான் ரொம்ப நாள் யோசித்தேன். எனக்குத் தெரிவது இரண்டு வித்தியாசங்கள்.

ஒன்று, திசை. பள்ளிவாசலுக்கு நாமாகப் போகிறோம். கேட்பவர் நாம். ஓதி ஊதுகிற பாய் நம்மிடம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. தெருவில் கேட்பவர்கள் அவர்கள். தேடிவந்து கேட்டவர்கள், கடைசியில் ஒரு முடிவையும் சொல்லிவிட்டுப் போக வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, வினைச்சொல்லின் காலம். ஓதி ஊதியவர் "அல்லா லேசாக்குவான்மா" என்று எதிர்காலத்தில் சொல்வார். பூசாரி "ஆத்தா பாத்துக்குவா" என்பார். அதுவும் எதிர்காலம். தெருவில் அந்தப் பையன் சொன்னது "சுகமாயிட்டீங்க". இறந்தகாலம். காரியம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். முடிந்த காரியத்துக்கு எதற்கு மாத்திரை? சின்னம்மா முட்டாள்தனமாக நடக்கவில்லை. அவன் சொன்ன வாக்கியத்தின் இலக்கணத்தை ஒழுங்காகப் புரிந்துகொண்டார், அவ்வளவுதான்.

இந்த இறந்தகாலம் மேடையில் இருந்து தெருவுக்கு வந்தது என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் சுகமளிக்கும் கூட்டம் என்றாலே நினைவுக்கு வருபவர் டி.ஜி.எஸ். தினகரன் (1935–2008). வங்கி ஊழியராக இருந்தவர். 'இயேசு அழைக்கிறார்' ஊழியத்தைத் தொடங்கி, பெரிய மைதானங்களில் கூட்டம் நடத்தி, மேடையில் இருந்தே பேர் சொல்லி, நோயைச் சொல்லி அழைத்து ஜெபிப்பதால் அறியப்பட்டார். ரேடியோ, கேசட், டிவி எல்லாம் சேர்ந்து அந்தப் பேச்சு மொழியைக் கிறிஸ்தவர் அல்லாத வீடுகளுக்கும் கொண்டுபோனது. மேடைக்கு ஒரு வழக்கம் உண்டு: சுகமானவர் மைக் முன்னால் வந்து சாட்சி சொல்வார். சுகமாகாதவர் பஸ் பிடித்து வீட்டுக்குப் போவார். அவருக்கு மைக் கிடையாது. எத்தனை வருஷம் எத்தனை கூட்டம் நடந்தாலும், நம் காதில் விழுவது ஒரு பக்கக் கணக்குதான். தெருவுக்கு வந்தபோது மைக்கும் மேடையும் போய்விட்டன. ஒரு பக்கக் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

இது நம்ம ஊர் விஷயம் மட்டும் இல்லை. 2005இல் வட அயர்லாந்தின் கோல்ரெய்ன் நகரத்தில் 'தெருவில் குணமாக்குதல்' என்ற பெயரில் ஒரு முறை தொடங்கியது. கடைவீதியில் நாற்காலி போடுவார்கள். விருப்பப்பட்டவர் வந்து உட்காரலாம். தொண்டர்கள் பக்கத்தில் மண்டியிட்டு ஜெபிப்பார்கள். அது பல ஊர்களுக்குப் பரவியது. இங்கிலாந்தின் பாத் நகரக் குழு, நோய்களைக் கடவுளால் குணமாக்க முடியும் என்று நோட்டீஸிலும் இணையத்திலும் எழுதியது. 2012இல் பிரிட்டனின் விளம்பரத் தர நிர்ணய ஆணையம் அதைத் தடுத்தது. இப்படிச் சொல்வது தவறாக வழிநடத்தும், தீவிர நோய் உள்ளவர் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடக்கூடும் என்பது காரணம். தெருவில் ஜெபிக்கக் கூடாது என்று ஆணையம் சொல்லவில்லை. எழுதிக்கொடுத்த வாக்குறுதியைத்தான் கேள்வி கேட்டது.

சரி, ஜெபத்தால் குணமாகுமா என்று யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள். பெரிய ஆய்வு 2006இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 6 மருத்துவமனைகளில் 1802 பைபாஸ் நோயாளிகள், மூன்று பிரிவு. ஜெபம் நடக்கலாம், நடக்காமலும் இருக்கலாம் என்று சொல்லப்பட்ட இரண்டு பிரிவில், ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கும் ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் அறுவைக்குப் பிறகு ஏதோ ஒரு சிக்கல் வந்தது. 'உங்களுக்காகக் கட்டாயம் ஜெபம் நடக்கும்' என்று சொல்லப்பட்ட மூன்றாவது பிரிவில் அது 59 சதவீதம். அது தூரத்தில் இருந்து, முகம் தெரியாதவர்கள் செய்த ஜெபம். கிட்டே நின்று கை வைத்து ஜெபிப்பது வேறு என்று ஒரு மறுப்பு உண்டு. அதையும் மொசாம்பிக்கில் பார்த்தார்கள். 2010இல் வந்த அந்த ஆய்வில் காது, கண் குறைபாடு உள்ள 24 பேர். ஜெபத்துக்குப் பிறகு கேட்பதும் பார்ப்பதும் முன்னேறியதாக எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஜெபிக்கப்படாத இன்னொரு குழு அதில் இல்லை. சத்தமான கூட்டத்தில், பலர் பார்த்துக்கொண்டிருக்க, உடனே செய்த சோதனை. ஆறு மாசம் கழித்து அவர்களுக்கு எப்படி இருந்தது என்பது அதற்குள் வராது.

இதை வைத்து விசுவாசிகளிடம் சண்டைக்குப் போக எனக்கு விருப்பமில்லை. கடவுளை ஆய்வுக்கூடத்தில் உட்காரவைக்க முடியாது என்பார்கள். சரி என்றே வைத்துக்கொள்வோம். அவர்கள் புத்தகத்தில் இருந்தே நாலு இடத்தைக் காட்டுகிறேன்.

மாற்கு முதல் அதிகாரத்தில் தொழுநோயாளி குணமாகிறார். உடனே இயேசு அவரை எங்கே அனுப்புகிறார்? ஆசாரியனிடம். மோசேயின் சட்டப்படி அந்த நோய் இருக்கிறதா போய்விட்டதா என்று பரிசோதித்துச் சொல்லும் பொறுப்பு ஆசாரியனுக்குத்தான். இன்றைய பாஷையில் சொன்னால், போய் டாக்டரிடம் காட்டு என்பதுதான். யோவான் ஐந்தாம் அதிகாரத்தில் பெதஸ்தா குளத்துக்கரையில் 38 வருஷம் நோயாகக் கிடந்தவரிடம், குணமாக விருப்பமா என்று முதலில் கேட்கிறார். யாக்கோபின் நிருபத்தில், நோயாளிதான் சபை மூப்பர்களை வரவழைக்க வேண்டும் என்று இருக்கிறது. மூப்பர் என்றால் தெரிந்த ஆள். நாளைக்கும் அதே ஊரில் இருப்பவர். நாலாவது எல்லாருக்கும் தெரிந்த நல்ல சமாரியன் கதை. வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு எண்ணெய் ஊற்றிக் கட்டுப்போட்டு, சத்திரத்தில் சேர்த்து, காசும் கொடுத்துவிட்டு, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். 'திரும்பி வரும்போது' என்பதுதான் அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தெருவில் கேட்டுவிட்டுத்தான் ஜெபித்தார்கள். அதை ஒப்புக்கொள்கிறேன். மற்ற மூன்றும் இல்லை.

'திரும்பி வருவது' என்று சொன்னேன். அது இந்தச் சாலையிலேயே நடந்த சரித்திரம். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்து, அமெரிக்காவில் டாக்டருக்குப் படித்துவிட்டு 1900இல் திரும்பி வந்த ஐடா ஸ்கடர், வேலூரில் ஒரு கட்டில் வைத்து வைத்தியம் தொடங்கியதும் 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறந்ததும் பலருக்குத் தெரியும். சாலையோர மருந்தகம் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை. வேலூரில் இருந்து குடியாத்தம் போகிற வழியில் மரத்தடிகளில் வாரம் ஒருமுறை வண்டி நிற்கும். 1909இல் ஒரு பெஜோ கார் வந்தது. அதைப் பார்த்து ஜனங்கள் மிரண்டு ஓடியதாகக் கதை உண்டு. புண்ணுக்குக் கட்டு, கண்ணுக்கு மருந்து, பல் பிடுங்குவது எல்லாம் அங்கேயே. கூடவே வேதாகமக் கதை சொல்லும் பெண் ஒருவரும் இருப்பார். ஜெபமும் இருந்தது. மதப்பிரச்சாரம் இல்லாத தூய சேவை என்று அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. மிஷனரி வேலைதான்.

ஆனால் வாராவாரம் அதே மரத்தடிக்கு வண்டி வந்தது. போன வாரம் கட்டுப்போட்ட புண் இந்த வாரம் ஆறியிருக்கிறதா, சீழ் பிடித்திருக்கிறதா என்று அவிழ்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஆறாத புண்ணோடு ஒருத்தர் எதிரே வந்து நிற்கப்போகிறார் என்று தெரிந்தால், யாரும் 'சுகமாயிட்டீங்க' என்று சொல்லிவிட்டுக் கிளம்ப மாட்டார்கள். மறுபடி பார்க்கப்போகிறோம் என்கிற நினைப்பு பேச்சைத் தானாக நாணயமாக்கிவிடும்.

போன மாசம் இன்னொரு ஊர் மார்க்கெட் பக்கம் இதே மாதிரி ஒரு குழுவைப் பார்த்தேன். வேறு ஆட்கள். மரியாதையான பசங்க. அவர்களில் ஒரு தம்பியிடம் கேட்டேன்: "அடுத்த வாரமும் இங்கதான் வருவீங்களா தம்பி?"

"கர்த்தர் எங்க அனுப்புறாரோ அங்க போவோம்ணா."

"போன தடவ ஜெபிச்சவங்க எப்பிடி இருக்காங்கன்னு தெரியுமா?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "அத அவர் பாத்துக்குவார்ணா" என்றான். நடிக்கவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறான். மாத்திரையை நிறுத்தச் சொல்வீர்களா என்று கேட்டேன். "சேச்சே, நாங்க அப்பிடிச் சொல்றதே இல்லண்ணா" என்றான். அதுவும் உண்மையாக இருக்கலாம். சின்னம்மாவிடமும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லையே. சுகமாகிவிட்டது என்றுதான் சொன்னார்கள். நிறுத்தாதீங்க என்றும் யாரும் சொல்லவில்லை.

நோய் திரும்பி வந்தால் என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தையல் போட்டுப் படுத்திருந்தபோது சின்னம்மா முதலில் சொன்னது, "எனக்குத்தான் நம்பிக்க பத்தல போல". குணமானால் மகிமை கர்த்தருக்கு, குணமாகாவிட்டால் குறை நோயாளிக்கு. ஏற்கெனவே வலிப்பு என்று வெளியில் சொல்ல வெட்கப்படுகிற பெண்ணின் தலையில் இன்னொரு குற்றத்தையும் ஏற்றிவிட்டுப் போவது சின்ன விஷயம் இல்லை.

சட்டம் போடலாமே என்று சில நண்பர்கள் சொன்னார்கள். சட்டம் இருக்கிறது. 1954ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், தாயத்து, மந்திரம், கவசம் மாதிரியானவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அதன் நோய்ப் பட்டியலில் வலிப்பு, புற்றுநோய், சர்க்கரை எல்லாம் உண்டு. வாயால் அறிவிப்பதும் அதில் விளம்பரக் கணக்குதான். ஆனால் எல்லா மதத்திலும் டிவி சேனல் சேனலாக ஓடுவதை விட்டுவிட்டு, நோட்டீஸ் கொடுக்கிற நாலு பசங்களைப் பிடிப்பதற்கு அதைப் பயன்படுத்தினால் அது அநியாயம். 2002இல் இங்கே கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்ததும், 2004 தேர்தலுக்குப் பின் அது திரும்பப் பெறப்பட்டதும் நினைவிருக்கலாம். தெய்வ கோபம் வரும் என்று பயமுறுத்துவதைக்கூட அது குற்றமாக்கியது. எது அன்பு, எது ஆசை காட்டுவது என்று போலீஸ் முடிவு பண்ணும் நிலை யாருக்கும் நல்லதில்லை. என் கேள்வி மதம் மாற்றுவது பற்றியது இல்லை. சின்னம்மா மாறவும் இல்லை. மாத்திரை பற்றியது. இதைத் தூக்கிக்கொண்டு யாராவது அந்தப் பசங்களை அடிக்கப் போனால் நான் அந்தப் பசங்க பக்கம்தான் நிற்பேன்.

அதே மாதிரி, மாத்திரை கொடுக்கிற இடமும் தப்பிக்க முடியாது. 15 வருஷமாக மாசாமாசம் வருகிற ஒருத்தரிடம், இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாராவது ஒரு தடவை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தாலே கேட்டிருப்பார். தெருவில் ஒரு நிமிஷத்தில் கிடைத்தது அங்கே 15 வருஷத்தில் கிடைக்கவில்லை என்றால், தெருவை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்?

தெருவில் ஜெபிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், மூன்றே மூன்று விஷயம் கேட்கிறேன். ஜெபித்து முடித்ததும் "மாத்திரைய நிறுத்திடாதீங்க, டாக்டர் சொல்ற வரைக்கும் சாப்பிடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். 'சுகமாயிட்டீங்க' என்பதை 'சுகமாகணும்னு ஜெபிக்கிறோம்' என்று மாற்றுங்கள். உங்கள் விசுவாசம் எதுவும் குறைந்துவிடாது. அடுத்த வாரமும் அதே இடத்துக்கு வாருங்கள்.

மூன்றாவதை ஏன் கேட்கிறேன் என்றால், தையல் பிரித்தபிறகு சின்னம்மா மூன்று சனிக்கிழமை அதே இடத்தில் வேனைவிட்டு இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். எனக்கு அப்புறம்தான் தெரியும். "எதுக்கு, சண்ட போடவா?" என்று கேட்டேன்.

"சண்ட எதுக்குடா? மறுபடி வந்துருச்சின்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லலாம்னு பாத்தேன். இன்னொருக்கா ஜெபம் பண்ணுவாளேன்னு."

மூன்று வாரமும் அவர்கள் வரவில்லை. சின்னம்மா இப்போது மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். அந்த நோட்டீஸும் மாத்திரை டப்பாவுக்குள்ளேயேதான் இருக்கிறது. நான் தூக்கிப்போடச் சொல்லவில்லை.